தனியே கற்ற ஏஜென்ட்டுகள் கூட்டத்தில் இறங்கும்போது

2011 ஏப்ரலில் அமேசான் தளத்தில் ஓர் உயிரியல் நூலின் விலை 2 கோடியே 36 லட்சத்து 98 ஆயிரத்து 655 டாலரைத் தொட்டது. ஈயின் உடல் எப்படி உருவாகிறது என்பதை விளக்கும் நூல் அது. அச்சில் இல்லாதது, ஆராய்ச்சியாளர்கள் மட்டுமே தேடக்கூடியது. புதுப் பிரதி தருவதாக அறிவித்திருந்த கடைகள் இரண்டு. இரண்டிலும் விலையை நிர்ணயித்தது நிரல். ஒரு கடையின் நிரல், மற்ற கடையின் விலையை 0.9983 ஆல் பெருக்கித் தன் விலையாக வைத்தது. போட்டியாளரைவிட இம்மியளவு குறைவாக இருக்க வேண்டும் என்ற கணக்கு. மற்றக் கடையின் நிரலோ, முதல் கடையின் விலையை 1.270589 ஆல் பெருக்கியது. இரண்டு எண்களையும் பெருக்கிப் பார்த்தால் 1.268 வருகிறது. ஒவ்வொரு சுற்றிலும் விலை ஏறத்தாழ 27 விழுக்காடு ஏறும் என்று அர்த்தம். யாரும் தலையிடாததால் அது ஏறிக்கொண்டே போனது.

இந்த இரண்டு நிரல்களையும் தனித்தனியே எடுத்துச் சோதித்தால் எதிலும் குற்றம் காண முடியாது. சொன்னதைச் சொன்னபடி செய்தன. கோளாறு இரண்டுக்கும் நடுவில் இருந்தது. அவை கற்றுக்கொள்ளும் நிரல்கள்கூட அல்ல, வெறும் பெருக்கல் விதிகள். அனுபவத்திலிருந்து கற்று, தன் நடத்தையைத் தானே மாற்றிக்கொள்ளும் ஏஜென்ட்டுகளை, அதாவது தானே முடிவெடுத்துச் செயல்படும் நிரல்களை, இப்போது விலை நிர்ணயத்திலும், பங்குச் சந்தையிலும், சாலையிலும், மென்பொருள் எழுதும் வேலையிலும் இறக்கிக்கொண்டிருக்கிறோம். அவற்றைப் பெரும்பாலும் ஒவ்வொன்றாகச் சோதிக்கிறோம், இறக்குவது கூட்டத்தில். இந்த இடைவெளி ஏன் இவ்வளவு பெரியது என்பதைப் புரிந்துகொள்ள, ஒற்றை ஏஜென்ட் எப்படி முடிவெடுக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

1950களில் ரிச்சர்ட் பெல்மன் என்ற கணிதவியலாளர் ஓர் எளிய உண்மையைச் சமன்பாடாக்கினார். இப்போது நான் நிற்கும் நிலையின் மதிப்பு, அடுத்த அடியில் கிடைக்கும் பலனோடு, அந்த அடி கொண்டுபோய்ச் சேர்க்கும் நிலையின் மதிப்பைக் கூட்டினால் வருவது. நீண்ட காலத் திட்டம் என்ற பெரிய சிக்கலை, அடுத்த ஓர் அடி என்ற சின்னச் சிக்கல்களாக உடைத்துவிடுகிறது இது. உலகம் எப்படி இயங்குகிறது என்பது முழுதாகத் தெரிந்தால், அதாவது எந்த நிலையில் எதைச் செய்தால் என்ன நிகழும், எவ்வளவு வாய்ப்போடு நிகழும் என்று தெரிந்தால், இதை வைத்தே சிறந்த உத்தியைக் கணக்கிட்டுவிடலாம்.

ஆனால் உலகம் அப்படி முன்கூட்டியே தெரிவதில்லை. 1989இல் கிறிஸ்டோபர் வாட்கின்ஸ் தன் முனைவர் பட்ட ஆய்வில் முன்வைத்த கியூ-லேர்னிங் என்ற கற்றல் முறை இந்த இடத்தில்தான் வருகிறது. எந்த நிலையில் எதைச் செய்தால் எவ்வளவு கிடைக்கும் என்ற மதிப்பீடுகளை ஓர் அட்டவணையில் வைத்து, அனுபவத்தைக் கொண்டு அது திருத்திக்கொண்டே போகும். அதன் ஓர் அடியைக் கையால் போட்டுப் பார்க்கலாம். ஒரு ரோபோ வழி பிரியும் இடத்தில் நிற்கிறது. இடப்பக்கம் திரும்பினால் மொத்தத்தில் 5 மதிப்பெண் கிடைக்கும் என்பது இப்போதைக்கு அதன் மதிப்பீடு. திரும்புகிறது. உடனே கிடைத்தது 1. போய்ச் சேர்ந்த இடத்திலிருந்து இனி அதிகபட்சம் 8 கிடைக்கும் என்று அதன் அட்டவணை சொல்கிறது. வருங்காலப் பலனுக்குச் சற்றுக் கழிவு வைத்து 0.9 ஆல் பெருக்கினால் 7.2. ஆக, இடப்பக்கத்தின் மதிப்பு 8.2 என்று இந்த ஓர் அனுபவம் சொல்கிறது. பழைய மதிப்பீட்டுக்கும் இதற்கும் 3.2 வித்தியாசம். ஒரே அனுபவத்தை முழுதாக நம்பிவிடக் கூடாது என்பதால் வித்தியாசத்தில் பத்தில் ஒரு பங்கை மட்டும் சேர்க்கிறது. 5 என்பது 5.32 ஆகிறது. அவ்வளவுதான். இதையே லட்சக்கணக்கான முறை செய்யும்போது அட்டவணை உண்மைக்கு அருகில் வந்து சேர்கிறது.

எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள அந்த வித்தியாசம், அந்த 3.2, இயந்திரத்துக்கு மட்டும் உரியதன்று. குரங்குகளின் மூளையில் டோபமைன் செல்களைப் பதிவு செய்த வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ், பீட்டர் தயான், ரீட் மொன்டேக் ஆகியோருடன் 1997இல் வெளியிட்ட கட்டுரை இதைக் காட்டியது. எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தால் அந்தச் செல்கள் துடிக்கின்றன. எதிர்பார்த்தபடி கிடைத்தால் சும்மா இருக்கின்றன. எதிர்பார்த்தது வராமல் போனால் இயல்பு நிலைக்கும் கீழே அடங்குகின்றன. கணக்கில் எழுதிய ஒரு வித்தியாசம் உயிருள்ள மூளையிலும் தென்பட்டது இந்தத் துறையின் மிக அழகான கண்டுபிடிப்புகளில் ஒன்று என்றே நான் நினைக்கிறேன்.

ஒற்றை ஏஜென்ட்டுக்கும் தலைவலிகள் உண்டு. தெரிந்த நல்ல வழியிலேயே போவதா, தெரியாத வழியையும் அவ்வப்போது முயன்று பார்ப்பதா என்பது பழைய கேள்வி. மருந்துச் சோதனைகளை மனதில் வைத்து வில்லியம் தாம்சன் 1933இலேயே அதற்கு ஒரு விடை எழுதினார், இன்றும் பயன்படுகிறது. இன்னொன்று, எதற்கு மதிப்பெண் கொடுக்கிறோம் என்பது. 2016இல் ஓப்பன்ஏஐ ஆய்வாளர்கள் ஒரு படகுப் பந்தய விளையாட்டில் ஏஜென்ட்டைப் பயிற்றுவித்தார்கள். வழியில் உள்ள இலக்குகளை இடித்தால் மதிப்பெண் கிடைக்கும். பந்தயத்தை முடிப்பதற்குப் பதிலாக, ஏஜென்ட் ஒரு மூலையில் வட்டமடித்து, மறுபடி மறுபடி முளைக்கும் இலக்குகளையே இடித்துக்கொண்டிருந்தது. மற்றப் படகுகளில் மோதி, தீப்பிடித்து, எதிர்த்திசையில் போயும் மனிதர்களைவிட ஏறத்தாழ 20 விழுக்காடு கூடுதல் மதிப்பெண் எடுத்தது. கேட்டது கிடைத்தது, வேண்டியது கிடைக்கவில்லை.

இவையெல்லாம் கடினமான சிக்கல்கள்தாம். ஆனாலும் காலடியில் ஒரு கெட்டியான தரை இருக்கிறது. கியூ-லேர்னிங் சரியான விடைக்கு வந்து சேரும் என்று வாட்கின்ஸும் தயானும் 1992இல் நிறுவினார்கள். அந்த நிரூபணத்தில் ஒரு நிபந்தனை இருக்கிறது: உலகின் விதிகள் மாறக் கூடாது. இன்று இடப்பக்கம் திரும்பினால் என்ன நிகழுமோ, அதே வாய்ப்போடு நாளையும் நிகழ வேண்டும்.

இரண்டாவது ஏஜென்ட் உள்ளே வந்ததும் உடைவது இந்த நிபந்தனை.

முதல் ஏஜென்ட்டின் கண்ணுக்கு, இரண்டாவது ஏஜென்ட்டும் உலகத்தின் ஒரு பகுதி. அந்தப் பகுதி கற்றுக்கொண்டே இருக்கிறது, கற்பதால் மாறுகிறது, மாறுவதற்குக் காரணமே முதல் ஏஜென்ட்டின் நடத்தை. நேற்றைய அனுபவத்திலிருந்து நான் எடுத்த பாடம், நேற்றிருந்த எதிராளியைப் பற்றியது. இன்று எதிரே இருப்பவன் என் நேற்றைய ஆட்டத்தைப் பார்த்துத் திருந்தியவன். கல், காகிதம், கத்தரி விளையாட்டில் இது பளிச்சென்று தெரியும். எதிராளி கல்லை அதிகம் காட்டுகிறான் என்று நான் காகிதத்துக்கு மாறுகிறேன். அவன் கத்தரிக்குப் போகிறான். நான் கல்லுக்கு. இருவரும் அறிவோடுதான் கற்கிறோம், ஆனால் கற்றல் எங்கும் போய் நிற்பதில்லை, சுற்றுகிறது.

பல ஏஜென்ட் சூழலில் ‘சிறந்த உத்தி’ என்று சொன்னாலே ‘யாருக்கு எதிராக?’ என்ற கேள்வி ஒட்டிக்கொண்டு வருவது இதனால்தான். கணிதவியலாளர் ஜான் நாஷ் 1950இல் கொடுத்த விடை: மற்றவர்கள் தத்தம் உத்தியில் நிற்கும்போது, தனியாக மாறுவதால் யாருக்கும் லாபமில்லாத நிலையைத் தேடுங்கள். நாஷ் சமநிலை என்பது இதுதான். லாயிட் ஷாப்லி 1953இல் இத்தகைய ஆட்டங்களைப் பெல்மனுடையது போன்ற உலகத்தோடு இணைத்தார். நிலைகள் மாறிக்கொண்டே போகும், ஒவ்வொரு நிலையிலும் ஓர் ஆட்டம் நடக்கும் என்ற அவருடைய வடிவம்தான் இன்றைக்கும் பல ஏஜென்ட் கற்றலுக்கு அடித்தளம். மைக்கேல் லிட்மன் 1994இல் அதன்மேல் கற்றலை ஏற்றினார்.

ஒரே ஒரு வகை ஆட்டத்தில் மட்டும் நிலைமை நமக்குச் சாதகம்: இருவர் மட்டும், ஒருவர் வெல்வது மற்றவர் தோற்பதற்குச் சரி. எதிராளி எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் இதற்குக் கீழே என்னை இறக்க முடியாது என்று சொல்லக்கூடிய ஓர் உத்தி இங்கே உண்டு என்பதை வான் நியூமன் 1928இலேயே நிறுவிவிட்டார். செயற்கை நுண்ணறிவின் புகழ்பெற்ற வெற்றிகள் பெரும்பாலும் இந்த வகையில் வந்தவை. 1990களின் தொடக்கத்தில் ஐபிஎம்மின் ஜெரால்ட் டெசாரோ உருவாக்கிய, பேக்காமன் என்ற பகடை ஆட்டத்தை ஆடும் நிரல், கோ என்ற பலகை ஆட்டத்தில் 2016 மார்ச்சில் முன்னணி ஆட்டக்காரர் லீ சேடோலை 4-1 என வென்ற ஆல்ஃபாகோ, மனித ஆட்டங்களையே பார்க்காமல் தன்னோடு தானே ஆடித் தேறிய ஆல்ஃபாகோ ஜீரோ எல்லாம் இந்தக் குடும்பம். 2017 ஜனவரியில் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு, ஒருவருக்கு ஒருவராக, மொத்தம் 1,20,000 சுற்று ஆடி வென்ற போக்கர் சீட்டாட்ட நிரலான லிப்ராட்டஸும் அப்படியே. போக்கரில் பயன்படும் நுட்பம், வருத்தத்தைக் கணக்கு வைப்பது. ‘அப்போது வேறு விதமாக ஆடியிருந்தால் எவ்வளவு கூடுதலாக வந்திருக்கும்’ என்று ஒவ்வொரு முடிவுக்கும் எண் போட்டு, வருத்தம் அதிகமுள்ள தேர்வுகளை அடுத்த முறை அதிகம் ஆடுவது. அன்றன்றைய உத்தி அலைபாய்ந்தாலும், எல்லாச் சுற்றுகளின் சராசரி உத்தி இருவர் ஆட்டத்தில் நாஷ் சமநிலையை நோக்கிப் போகும்.

இந்தச் சாதகமான வகையிலும்கூடத் தன்னோடு தானே ஆடிப் பெற்ற பலம் முழுமையானதில்லை என்று பிறகு தெரிந்தது. கட்டாகோ என்பது மனிதர்களைத் தாண்டிய பலம் கொண்ட கோ நிரல். அதைத் தோற்கடிப்பதை மட்டுமே நோக்கமாக வைத்து ஆய்வாளர்கள் ஓர் ஏஜென்ட்டைப் பயிற்றுவித்தார்கள். அது 97 விழுக்காட்டுக்கும் மேலான ஆட்டங்களில் வென்றது. அந்த ஏஜென்ட் கோ ஆட்டத்தில் வல்லது ஒன்றும் அல்ல. சாதாரண மனித ஆட்டக்காரரிடமே தோற்கக்கூடியது. வட்டமாகச் சுற்றிவரும் காய்க்கூட்டம் பிழைத்துக்கொள்ளும் என்று கட்டாகோ தப்பாக எடைபோடுவதைக் கண்டுபிடித்து, அந்த ஓர் ஓட்டையை மட்டும் பிடித்துக்கொண்டது. தன்னோடு ஆடிய கோடிக்கணக்கான ஆட்டங்களில் அந்த ஓட்டையை யாரும் தொடவில்லை, அதனால் அது அடைபடவே இல்லை. ஸ்டார்கிராஃப்ட் என்ற கணினிப் போர் விளையாட்டை ஆடும் ஆல்ஃபாஸ்டாரை 2019இல் உருவாக்கியவர்கள் இந்த ஆபத்தை முன்கூட்டியே உணர்ந்து, முதன்மை ஏஜென்ட்டின் பலவீனங்களைத் தேடுவதையே வேலையாகக் கொண்ட ஏஜென்ட்டுகளையும் சேர்த்து ஒரு லீக்கையே நடத்தினார்கள்.

போட்டியை விட்டுவிட்டு ஒத்துழைப்புக்கு வருவோம். எல்லோருக்கும் ஒரே மதிப்பெண் என்றால் சண்டையே இல்லையே, சுலபமாக இருக்க வேண்டுமே என்று தோன்றும். நேர் எதிர். இதைக் கரோலின் கிளாஸ், கிரெய்க் பூட்டிலியே இருவரும் 1998இல் ஒரு சிறிய அட்டவணையில் காட்டினார்கள். ஏஜென்ட்டுகள் இரண்டு, தேர்வுகள் மூன்று. இருவரும் முதல் தேர்வை எடுத்தால் இருவருக்கும் 11, அதுதான் உச்சம். இருவரும் இரண்டாவதை எடுத்தால் 7. இருவரும் மூன்றாவதை எடுத்தால் 5. ஒருவர் முதலாவதையும் மற்றவர் இரண்டாவதையும் எடுத்தால் கழித்தல் 30. முதலாவதும் மூன்றாவதும் சேர்ந்தால் 0. இரண்டாவதும் மூன்றாவதும் சேரும்போது யார் எதை எடுத்தார் என்பதைப் பொறுத்து 6 அல்லது 0.

இப்போது தொடக்கத்தில் இரண்டு ஏஜென்ட்டுகளும் குருட்டாம்போக்கில் தேர்வுகளை முயன்று பார்க்கின்றன என்று வையுங்கள். முதல் தேர்வை எடுத்தபோதெல்லாம் சராசரியாகக் கிடைப்பது 11, கழித்தல் 30, 0 ஆகியவற்றின் சராசரி. அதாவது கழித்தல் 6-க்கும் கீழே. இரண்டாவதும் கழித்தல்தான். மூன்றாவது மட்டும் இருவருக்கும் லாபம் காட்டுகிறது. ஆகவே இருவரும் மூன்றாவதுக்குப் போய் 5-இல் உட்காருகிறார்கள். அங்கிருந்து ஒருவர் இரண்டாவதுக்கு நகர்ந்தால் 6. மற்றவரும் பின்தொடர்ந்தால் 7. அதற்கு மேல் வழி அடைபட்டுவிடுகிறது. 11-க்குப் போக இருவரும் ஒரே நொடியில் தாண்ட வேண்டும். ஒருவர் மட்டும் தாண்டினால் கழித்தல் 30. தனித்தனியே கற்பவர்களுக்கு அந்தத் துணிவு வருவதற்குக் காரணமே இல்லை. இருவரும் முட்டாள்கள் அல்லர், இருவருக்கும் விருப்பம் ஒன்றுதான், இருந்தும் உச்சம் கைக்கு எட்டவில்லை.

எண்ணிக்கை கூடக் கூட இன்னொரு சங்கடமும் சேரும். பத்து ஏஜென்ட்டுகள் சேர்ந்து ஒரு வேலையை முடித்து ஒரே மதிப்பெண் வாங்கினால், யாருடைய செயல் உதவியது, யார் சும்மா நின்றார் என்று எப்படிப் பிரிப்பது? இதற்கு இப்போது பரவலாக உள்ள வழி, பயிற்சியின்போது மட்டும் எல்லோருடைய தகவலையும் ஓரிடத்தில் சேர்த்துப் பார்ப்பது. களத்தில் ஒவ்வொன்றும் தன் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் வைத்து முடிவெடுக்கும். மற்ற ஒன்பதும் செய்ததை அப்படியே வைத்துக்கொண்டு, இந்த ஓர் ஏஜென்ட் வேறு எதையாவது செய்திருந்தால் மதிப்பெண் எப்படி மாறியிருக்கும் என்று கேட்டுப் பங்கைப் பிரிக்கும் முறையும் உண்டு.

இது திறமைக் குறைவால் வந்த சிரமம் என்று நினைக்க வேண்டாம். உலகம் முழுதாகத் தெரியும் ஒற்றை ஏஜென்ட்டின் முடிவுச் சிக்கலை நியாயமான நேரத்தில் தீர்க்க முடியும். அதே ஏஜென்ட்டுக்கு உலகின் ஒரு பகுதி மறைந்திருந்தால் மிகக் கடினமாகிறது. பகுதி மட்டும் தெரியும் ஏஜென்ட்டுகள், ஒன்றே இலக்கு என்றாலும், இரண்டு ஆகிவிட்டால் போதும், அதைவிடவும் கடினமான வகைக்குள் சிக்கல் தாவிவிடுகிறது என்பது 2000ஆம் ஆண்டுவாக்கில் நிரூபிக்கப்பட்டது. எனக்குத் தெரியாதது மட்டுமின்றி, உனக்கு என்ன தெரியும், எனக்கு என்ன தெரியும் என்று நீ நினைக்கிறாய் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டியிருக்கிறது. கணினி வேகம் கூடினால் தானாகத் தீரும் காரியம் இல்லை.

ஹனாபி என்ற சீட்டாட்டம் இதற்கு நல்ல சோதனைக்களம். உங்கள் கையிலுள்ள சீட்டு உங்களுக்குத் தெரியாது, மற்றவர்களுக்குத் தெரியும். எண்ணிக் கொடுத்த சில குறிப்புகளை மட்டும் பரிமாறி எல்லோரும் சேர்ந்து வெல்ல வேண்டும். ஒன்றாகப் பயிற்சி பெற்ற ஏஜென்ட்டுகள் ஏறக்குறைய முழு மதிப்பெண் எடுக்கின்றன. எப்படி? தங்களுக்குள் ஒரு ரகசிய பாஷையை உருவாக்கிக்கொள்கின்றன. ‘உன்னிடம் சிவப்பு இருக்கிறது’ என்ற குறிப்புக்கு ‘இடக்கோடியில் உள்ள சீட்டைப் போடு’ என்று அவற்றுக்குள் அர்த்தமாக இருக்கலாம். அதே முறையில் வேறொரு தடவை பயிற்சி பெற்ற ஏஜென்ட்டுடன் கூட்டுச் சேர்த்தால் ஆட்டம் குலைந்துபோகிறது. அந்தப் பாஷை இதற்குத் தெரியாது. ஒரே நிரல், ஒரே விதிகள், ஒரே பயிற்சி முறை. வேறுபட்டது பயிற்சியின் தற்செயல் தொடக்கம் மட்டும்.

ஏஜென்ட்டுகளின் கூட்டுத்திறன் பற்றிய பெருமையான அறிவிப்புகளைப் படிக்கும்போது முதலில் இதைத்தான் தேடுகிறேன்: அந்த மதிப்பெண் கூடவே வளர்ந்த கூட்டாளியுடன் எடுத்ததா, முன்பின் தெரியாத ஒன்றுடன் எடுத்ததா? பெரும்பாலும் முதலாவது. ஆனால் நிஜத்தில் ஒரு தானியங்கிக் காரின் பக்கத்தில் வருவது வேறு நிறுவனத்தின் காராகவோ, மனிதராகவோ இருக்கும். இந்தக் குறையை நேரடியாக எடுத்துக்கொண்டு ஆல்ஃபாகோவை உருவாக்கிய டீப்மைண்ட் நிறுவனம் 2021இல் மெல்டிங் பாட் என்ற சோதனைத் தொகுப்பை வெளியிட்டது. அதில் ஏஜென்ட் முன்பு சந்திக்காதவற்றின் நடுவே விடப்பட்டு மதிப்பிடப்படுகிறது. இந்தப் பழக்கம் இன்னும் பரவவில்லை என்பது என் ஆதங்கம்.

ஏராளமான எழுத்தைப் படித்து மனித மொழியில் எழுதக் கற்ற நிரல்களான பெரிய மொழி மாதிரிகளை வைத்துக் கட்டும் ஏஜென்ட் குழுக்களுக்கும் இது பொருந்தும். ஒன்று திட்டமிடும், ஒன்று நிரல் எழுதும், ஒன்று சரிபார்க்கும் என்று வேலையைப் பிரித்துக் கொடுக்கிறார்கள். மூன்றும் ஒரே மொழி மாதிரியிலிருந்து வந்தவை என்றால், எழுதுபவர் எங்கே தவறுவாரோ அங்கேயே சரிபார்ப்பவரும் தவற வாய்ப்பு அதிகம். தலை எண்ணிக்கை மூன்று, கண்ணோட்டம் ஒன்று.

போட்டியும் முழுதாக இல்லாத, ஒத்துழைப்பும் முழுதாக இல்லாத ஆட்டங்கள்தாம் வாழ்க்கையில் அதிகம். விலை நிர்ணயம் அவற்றில் ஒன்று. எமிலியோ கல்வானோவும் அவருடைய மூன்று சகாக்களும் 2020இல் வெளியிட்ட ஆய்வு, இத்துறையில் யாரும் தவிர்க்கக் கூடாத ஒன்று. மேலே கையால் போட்டுப் பார்த்தோமே, அதே கியூ-லேர்னிங்கைப் பயன்படுத்தும் இரண்டு விலை ஏஜென்ட்டுகளை ஒரு செயற்கைச் சந்தையில் விட்டார்கள். தன் லாபத்தைக் கூட்டு என்பது மட்டுமே ஒவ்வொன்றுக்கும் கட்டளை. ஒன்றோடொன்று பேச வழியில்லை. கூட்டுச் சேரச் சொல்லி யாரும் எழுதவில்லை. லட்சக்கணக்கான சுற்றுகளுக்குப் பிறகு இரண்டும், உண்மையான போட்டியில் இருக்க வேண்டியதைவிட உயர்ந்த விலையில் போய் நிலைத்தன.

கற்றல் சரியாக நடக்காததால் வந்த தற்செயலா இது? அதைச் சோதிக்க, ஆய்வாளர்கள் ஒரு ஏஜென்ட்டின் விலையை வலுக்கட்டாயமாக ஒரு சுற்றுக்குக் குறைத்தார்கள். மற்றது உடனே தன் விலையை வெட்டியது. விலையைக் குறைத்ததால் வந்திருக்க வேண்டிய லாபம் பறிபோனது. பிறகு இரண்டும் படிப்படியாக விலையை ஏற்றி, பழைய உயரத்துக்கே திரும்பிச் சேர்ந்தன. குறைத்தால் தண்டனை, திருந்தினால் மன்னிப்பு: சந்தையைப் பங்குபோட்டுக்கொள்ளும் மனிதர்கள் ரகசியக் கூட்டத்தில் பேசி வைத்துக்கொள்ளும் ஏற்பாடு, ஒரு வார்த்தை பேசாமல் உருவாகியிருந்தது.

போட்டிச் சட்டங்கள் பொதுவாகத் தேடுவது உடன்பாட்டை: யார் யாரிடம் பேசினார், என்ன செய்தி போனது. இங்கே அப்படி எதுவும் கிடைக்காது. நிரலைத் திறந்து படித்தாலும் கூட்டுச் சதிக்கான ஒரு வரிகூட இராது. இருப்பது எண்கள் நிரம்பிய அட்டவணை. தனியாக எடுத்துச் சோதித்தால் இரண்டும் தேர்ச்சி பெறும். அந்த ஆய்வாளர்கள் செய்தது மட்டுமே உண்மையை வெளியே கொண்டுவந்தது: ஏஜென்ட்டுகளைச் சேர்ந்தே ஓடவிட்டு, ஒன்றைக் கையால் தள்ளி, மற்றது என்ன செய்கிறது என்று பார்த்தார்கள். சந்தையில் இறக்கும் முன் விலை ஏஜென்ட்டுகளிடம் இந்தச் சோதனையைக் கட்டாயமாக்க முடியும். சாலையில் இறங்கும் கார்களிடமும், ஒன்றுக்கொன்று வேலை கைமாற்றும் மொழி ஏஜென்ட்டுகளிடமும் இதையே செய்யலாம். அதற்கு வேண்டியது, வெவ்வேறு நிறுவனங்கள் தங்கள் ஏஜென்ட்டுகளை ஒரே களத்தில் விட ஒப்புக்கொள்வது. இப்போதைக்கு அப்படி ஒப்புக்கொள்ளும் கட்டாயம் யாருக்கும் இல்லை.